தொட்டி பெரிதுதான், தண்ணீர் நிற்க வேண்டுமே

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் தூரத்திலிருந்தே தெரிவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. 30,000 லிட்டர், 60,000 லிட்டர் என்று கொள்ளளவை அதன் மேலேயே பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அந்தத் தொட்டி தண்ணீரைச் சேமிப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின் கிருமிகளைக் கொல்வது பெரும்பாலும் அதற்குள்தான். ஊற்றிய உடனே கிருமி செத்துவிடாது. குளோரினும் தண்ணீரும் குறைந்தது அரை மணி நேரமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்போது ஒரு கணக்கு. தொட்டி 30,000 லிட்டர். ஒருபக்கம் மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் தெருக்குழாய்களுக்கு வால்வு திறந்திருக்கிறது. மணிக்கு 30,000 லிட்டர் உள்ளே வந்து அதே அளவு வெளியே போகிறது என்றால், தண்ணீர் தொட்டியில் தங்கும் நேரம் ஒரு மணி. தேவை அரை மணி, கிடைப்பது ஒரு மணி. தாளில் பார்த்தால் தாராளம்.

ஆனால் அந்த ஒரு மணி என்பது சராசரி. உள்ளே விழுந்த தண்ணீரில் ஒரு பகுதி ஐந்தே நிமிடத்தில் வெளிக்குழாயைப் பிடித்து இறங்கிவிடும். இன்னொரு பகுதி ஏதோ ஒரு மூலையில் நேற்றிலிருந்து அசையாமல் கிடக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒரு மணி சரியாகவே வரும். வேலை நடக்க வேண்டிய இடத்தில் தங்காமல் முந்திக்கொண்டு வெளியேறும் இந்தப் பகுதியைத்தான் வேதிப் பொறியியலில் பைபாஸ் என்கிறார்கள். அசையாமல் கிடப்பது தேங்கிய மூலை. இரண்டும் கூடப் பிறந்தவை. மூலையில் தண்ணீர் தேங்கத் தேங்க, ஓடுகிற தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் சுருங்கும், அது இன்னும் வேகமாக வெளியே ஓடும்.

கொஞ்சம்தானே முந்துகிறது, அதனால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் எவ்வளவு என்பது செய்ய வேண்டிய வேலை எவ்வளவு கறாரானது என்பதைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன்.

ஒரு லட்சம் கிருமிகள் உள்ளே வருவதாக வைத்துக்கொள்வோம். முழு நேரமும் குளோரினோடு தங்கினால் பத்தாயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாத் தண்ணீரும் ஒழுங்காகத் தங்கினால் வெளியே வருவது 10 கிருமிகள். இப்போது வெறும் 2 சதவீதத் தண்ணீர் மட்டும் குளோரின் வேலை செய்ய நேரம் கொடுக்காமல் முந்திவிடுகிறது. அதில் வரும் 2,000 கிருமிகளும் உயிரோடு வெளியேறும். மீதி 98,000-ல் பிழைப்பது சுமார் 10. ஆக மொத்தம் 2,010. தண்ணீரில் 2 சதவீதம்தான் தவறியது, கிருமி 200 மடங்காகிவிட்டது.

சரி, தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டிவிடலாமா? கட்டினால் ஒழுங்காகத் தங்கும் தண்ணீரில் பிழைக்கும் அந்தப் பத்தும் சாகும். முந்தி ஓடும் 2,000 அப்படியே இருக்கும். அதாவது 2,010-ஐ 2,000 ஆக்குவதற்கு இன்னொரு தொட்டி அளவு சிமெண்டும் கம்பியும் செலவு. குளோரினைக் கூட்டினாலும் கதை ஏறக்குறைய இதுதான். குடிப்பவர்கள் நாற்றம் என்று முகம் சுளிப்பது மட்டும் கூடுதல் பலன்.

இதே 2 சதவீதம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நடந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அங்கே அழுக்கில் 90 சதவீதத்தை நீக்கினால் போதும் என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதம் மிஞ்ச வேண்டிய இடத்தில் 11.8 சதவீதம் மிஞ்சும். அவ்வளவே. வேலை எவ்வளவு துல்லியமாக நடக்க வேண்டுமோ, அவ்வளவுக்குப் பைபாஸின் அடி பலமாக விழும். பாதி அழுக்கை நீக்கும் தொட்டிக்குப் போதுமான கவனம், பத்தாயிரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டிய தொட்டிக்குப் போதாது.

ஊராட்சிகளில் குளோரின் சோதனை செய்வது தெரிந்ததுதான். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அவசியமான சோதனை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பைபாஸை அது காட்டிக்கொடுக்காது. முந்தி ஓடிய தண்ணீரோடு குளோரினும் சேர்ந்துதான் ஓடி வந்திருக்கும். நிறம் நன்றாகவே வரும், சில நேரம் தேவைக்கு மேலேகூட. குளோரின் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். கிருமியோடு எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லாது.

இந்த இடத்தில் கிராமத்துப் பழைய வழக்கத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ராத்திரி மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, சும்மா விட்டுவிட்டு, காலையில் வால்வைத் திறப்பது. அப்படிச் செய்தால் பைபாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வால்வு மூடியிருக்கும்போது எந்தத் துளி முந்த முடியும்? கோளாறு வருவது மின்சாரம் நேரம் தவறும் நாட்களில். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டு, குடத்தோடு காத்திருப்பவர்களின் சத்தம் தாங்காமல் வால்வையும் திறந்துவிடுகிறார்களே, அப்போதுதான். ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால் தொட்டியின் உள்ளமைப்பு எப்படி என்பது சட்டென்று முக்கியமாகிவிடுகிறது.

தண்ணீர் ஏன் முந்துகிறது? பெரும்பாலும் நாம்தான் வழி வைத்துக்கொடுக்கிறோம். உள்வரும் குழாயும் வெளிப்போகும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கும். சில தொட்டிகளில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே குழாய். கடைசியாக ஏறிய தண்ணீர்தான் அங்கே முதலில் இறங்கும், பழைய தண்ணீர் மேலேயே கிடந்து பழசாகிக்கொண்டிருக்கும். வெயிலும் சும்மா இருப்பதில்லை. சித்திரை, வைகாசிப் பகலில் தொட்டியின் மேல்பாதித் தண்ணீர் சூடேறி மிதக்க, உள்ளே வரும் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கனத்து அடியில் பரவி, மேலே இருப்பதோடு கலக்காமலே அடியிலுள்ள வெளிக்குழாயைச் சேர்ந்துவிடும். காலையில் ஒழுங்காக இயங்கும் தொட்டி மத்தியானம் வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

நன்றாகக் கலக்கிவிட்டால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். மூலையில் தேங்குவது அதனால் தீரும், முந்துவது தீராது. முழுக்க முழுக்க கலங்கிய தொட்டியில் இப்போது விழுந்த துளியும் பழைய துளியும் வெளிக்குழாய்க்கு ஒன்றுதான். இரண்டுக்கும் வெளியேறச் சம வாய்ப்பு. கணக்குப் போட்டால் சராசரி ஒரு மணி நேரம் உள்ள அத்தகைய தொட்டியில் முதல் 6 நிமிடத்துக்குள் ஏறக்குறைய 10 சதவீதமும், அரை மணிக்குள் 39 சதவீதமும், அந்தச் சராசரி நேரத்தை எட்டும் முன்பே 63 சதவீதமும் வெளியேறிவிடும். பாதிக்கு மேற்பட்ட தண்ணீர் சராசரிக்கும் குறைவாகத்தான் தங்குகிறது. கடைசி மிச்சம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்து சராசரியைத் தூக்கிவிடுகிறது.

இந்தத் தங்கும் நேரங்களின் பரவலை ஒழுங்கான அறிவியலாக்கியதில் பெரும்பங்கு பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் டான்க்வெர்ட்ஸுக்கு. 1953-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் தொட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் சராசரியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது குறைந்தது. அதற்கு முன்பு, 1940-ல், லண்டனில் விழுந்து வெடிக்காமல் கிடந்த பாராசூட் கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்ததற்காக ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வாங்கியவர் அவர். சில நிமிடங்கள் முன்னே பின்னே ஆவதன் அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பின்னால் ஆக்டேவ் லெவன்ஸ்பீல் எழுதிய பாடநூல் வழியாக நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் இது வந்து சேர்ந்தது. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகிற பாடங்களில் ஒன்றாகவும் ஆனது.

மறக்காதவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. குடிநீர்த் தொட்டிக்கு அவர்கள் சராசரி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் 10 சதவீதத் தண்ணீர் வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே எந்தத் தடுப்பும் இல்லாத தொட்டிக்குச் சராசரியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தைத்தான் ஒப்புக்கொள்வார்கள். சுமாரான தடுப்பு இருந்தால் 0.3, நடுத்தரமாக இருந்தால் 0.5, மிக நன்றாக இருந்தால் 0.7. நம்முடைய ஒரு மணி நேரத் தொட்டிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முறையே 6 நிமிடம், 18 நிமிடம், 30 நிமிடம், 42 நிமிடம். அதே சிமெண்ட், அதே லிட்டர். உள்ளே இரண்டு மூன்று தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதில்தான் அரை மணியை எட்டுவதும் எட்டாததும்.

தடுப்புச் சுவர் செய்வது என்னவென்று புரிய, ஆடித்தபசுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். சங்கரநாராயணர் கோயிலில் அன்று கதவைத் திறந்துவிட்டு அப்படியே விட்டால் பலசாலிகள் முண்டியடித்து உடனே சந்நிதியை அடைவார்கள், வயதானவர்கள் தூணோரம் ஒதுங்கி நிற்பார்கள். கம்பு கட்டி வளைத்து வளைத்து வரிசையாக விட்டால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். மண்டபம் பெரிதாகவில்லை, பாதை நீண்டது.

தொட்டியில் இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. ஆனாலும் புதிய திட்டம் என்றால் கொள்ளளவைத்தான் பேசுகிறோம். லிட்டர் கணக்கு மதிப்பீட்டிலும் வரும், கல்வெட்டிலும் வரும். தடுப்புச் சுவர் எதிலும் வராது.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல என்பதற்குச் சாண எரிவாயுக் கலனே சாட்சி. கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களின் தொடக்கத்திலிருந்து பரப்பிய மிதக்கும் டிரம் கலனில், பெரிய அளவுகளுக்குக் குழியின் நடுவே ஒரு சுவர் எழுப்பச் சொல்லியிருந்தார்கள். கரைத்த சாணம் ஒரு பக்கம் அடியில் இறங்கி, மெல்ல மேலெழும்பி, சுவரைத் தாண்டி, மறுபக்கம் அடிவரை போய்த்தான் வெளிக்குழாயைப் பிடிக்க முடியும். அந்தச் சுவர் இல்லையென்றால் இன்று ஊற்றிய சாணக் கரைசலில் ஒரு பகுதி நாளைக்கே வெளியே வந்து நிற்கும். தமிழ்நாட்டு வெப்பத்துக்குச் சாணம் 30 நாள் உள்ளே இருந்தால் போதும் என்று வடிவமைக்கிறார்கள். குளிர் மிகுந்த மலைப்பகுதிகளுக்கு 55 நாள். நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்பவை. ஒரே நாளில் வெளியே போன சாணத்திலிருந்து வாயு கிடைக்காது.

கலன் வைத்திருப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். நன்றாகச் செரித்த கழிவுக் கரைசலில் சாண வாடை அடிக்காது, ஈ மொய்ப்பது குறைவு. வெளித்தொட்டியில் பச்சைச் சாண நாற்றமும் குமிழும் இருந்தால், உள்ளே எங்கோ குறுக்குவழி விழுந்திருக்கிறது. வாயு குறைகிறதே என்று இன்னும் இரண்டு கூடை சாணம் சேர்ப்பது பலர் செய்யும் காரியம். அதனால் ஓட்டம் இன்னும் வேகமாகித் தங்கும் நேரம் இன்னும் குறையும். பெரும்பாலும் காரணம் தொழுவத்துத் தரையிலிருந்து சாணத்தோடு வாரி வந்த மண். குழியின் மூன்றில் ஒரு பங்கை மண் அடைத்துக்கொண்டால் 30 நாள் குழி 20 நாள் குழியாகிவிடும். தூர்வாருவதுதான் வைத்தியம். வீட்டுச் செப்டிக் டேங்கில் உள்ளே வரும் குழாயைக் கீழ்நோக்கி ‘டி’ போட்டு இறக்குவதும், நடுவே தடுப்பு வைப்பதும், அகலத்தைவிட நீளத்தை இரண்டு மடங்காவது வைப்பதும் இதே காரணத்துக்காக.

சங்கரன்கோவிலுக்கு விசைத்தறி உயிர்நாடி என்பதால் நூலையும் சொல்லிவிடுகிறேன். துளையிட்ட குழலில் நூலைச் சுற்றி, பல குழல்களை அடுக்கி, சாயக் கரைசலைப் பம்ப் மூலம் அவற்றின் ஊடே செலுத்துவது ஒரு சாயமேற்றும் முறை. ஒரு குழலில் மட்டும் நூல் தளர்வாகச் சுற்றியிருந்தால் கரைசல் அதன் வழியாகவே பாயும், இறுக்கமாகச் சுற்றிய மற்றவற்றின் உட்புறம் வெளிறிப்போகும். சேலையில் அது பட்டை பட்டையாகத் தெரியும். சாயப்பட்டறைக்காரர்கள் சுற்றுவதில் ஒரே இறுக்கத்தைக் கேட்பதும், கரைசலை உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே என்று மாற்றி மாற்றிச் செலுத்துவதும் இந்த ஓட்டைவழியை அடைக்கத்தான். தண்ணீர்க் கேன் நிரப்பும் ஆலைகளில் கரி வடிகட்டியை அவ்வப்போது எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசுவதில் ஒரு பாதி காரணமும் இதுவே. கரிப் படுகையில் ஒருமுறை வாய்க்கால் விழுந்துவிட்டால் தண்ணீர் அதை விட்டு விலகாது.

உடம்புக்குள் வந்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் காற்று நிறைந்த நுண்ணறைகளைத் தொட்டுத்தான் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்கிறது. நிமோனியாவிலோ கடும் கொரோனாவிலோ சில அறைகள் நீர் கோத்து, சுருங்கி மூடிக்கொள்ளும். அவற்றைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் வாங்காமலே அது மற்ற ரத்தத்தோடு போய்க் கலக்கும். மருத்துவர்கள் இதை ஷன்ட் என்பார்கள்.

எளிமைக்காக 30 சதவீத ரத்தம் இப்படிப் போவதாக வைப்போம். திரும்பி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு 75 சதவீதம், நல்ல அறைகளைத் தொட்டு வருவதில் 98. இரண்டும் கலந்தால் சுமார் 91. இப்போது முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுக்கிறோம். நல்ல பகுதி 98-லிருந்து 100 ஆகலாம், அதற்கு மேல் இடமில்லை. மூடிய அறைக்குள் அந்த ஆக்சிஜன் போகவே போகாது. கலந்த பிறகு 92.5. இவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் ஆக்சிமீட்டர் ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்று 2021-ல் பல குடும்பங்கள் திகைத்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்ததும் சும்மா அல்ல. முதுகுப் பக்கம் அழுந்தி மூடிய அறைகள் அப்போது திறக்கும், ரத்தம் காற்றைத் தொடும். கிருமித் தொட்டியை இரண்டு மடங்காக்குவது எப்படி உதவவில்லையோ, அதே காரணத்தால் ஆக்சிஜனைக் கூட்டுவது மட்டும் இங்கே உதவுவதில்லை. கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கும் இப்படித்தான். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் பக்கவழி பிடிப்பதால், நீங்கியிருக்க வேண்டிய அமோனியா மூளை வரை போய்க் குழப்பத்தை உண்டாக்குகிறது.

எல்லாப் பைபாஸும் கெட்டதல்ல. கன்றுக்குட்டி தாய்மடியில் பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முனையில் ஒரு பள்ளம் மடிந்து குழாய்போல் மூடிக்கொள்ளும். பால் பெரிய முதல் வயிற்றைத் தொடாமல் நேராக நான்காவது அறைக்குப் போய்ச் செரிக்கும். வாளியில் வைத்து அவசரமாகக் குடிக்கவிட்டால் அந்த மடிப்பு சரியாக மூடாமல் பால் முதல் வயிற்றில் விழுந்து புளித்து, கன்றுக்கு வயிற்றுப்போக்கு வரலாம். வளர்ந்த கறவை மாட்டுக்கு அந்த முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழும். நல்ல விலை கொடுத்து வாங்கிய கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதியை அவை உடைத்து அமோனியாவாக்கிவிடும். நுண்ணுயிர்கள் பயன்படுத்தியது போக மிஞ்சியது யூரியாவாகி மூத்திரத்தில் போகும். அதனால்தான் அந்த வயிற்றில் உடையாமல் தாண்டிப்போகும்படி பக்குவப்படுத்திய புரதத்தைப் ‘பைபாஸ் புரோட்டீன்’ என்றே மூட்டையில் அச்சிட்டு விற்கிறார்கள். நிறையப் பால் கறக்கும் கலப்பின மாட்டுக்கு அது பிரயோஜனம். இரண்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அதை வாங்கிப் போடுவது வீண் செலவு. அந்த மாட்டின் தேவையை நுண்ணுயிர்கள் தரும் புரதமே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

தொட்டிக்குத் திரும்பினால், அது முந்துகிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். சமையல் உப்பும், ஆர்.ஓ. விற்பவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் போதும். மோட்டாரும் வால்வும் ஒரே சீராக ஓடும்போது வெளிக்குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 3 கிலோ உப்பு எடுத்து, ஒரு பெரிய டிரம் தண்ணீரில் கரைத்து, உள்வரும் குழாயருகே ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் கனத்து அடியில் போய்விடும், முடிவு பொய்யாகும். பிறகு வெளிக்குழாயில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரை வைத்து இரண்டு மூன்று மணி நேரம் எழுதிக்கொண்டே வர வேண்டும். முதல் ஐந்து நிமிடத்திலேயே எண் துள்ளி ஏறினால் குறுக்குவழி இருக்கிறது. மூன்று மணி ஆன பிறகும் பழைய எண்ணுக்கு இறங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் எங்கோ மூலையில் தேங்குகிறது. அன்று கொஞ்ச நேரம் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கலாம் என்று தெருவில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். உள்குழாயை எதிர்ப்பக்கம் மாற்றிய பிறகோ தடுப்பு வைத்த பிறகோ அதே உப்பு, அதே மீட்டர், இன்னும் ஒருமுறை.